என்பிஏ வீரரின் ஆட்டப்பாணியைக் கண்டுபிடிக்க எந்தத் தரவு உதவும்?

என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வரலாற்றில் ஒரு சீசன் முழுக்கச் சராசரியிலேயே ட்ரிபிள்-டபுள் எடுத்தவர்கள், அதாவது புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டவர்கள், மூன்றே பேர். 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4. 2024-25இல் நிகோலா யோகிச் 29.6, 12.7, 10.2. பெயர்களை மறைத்துவிட்டு இந்த எண்களை மட்டும் நீட்டினால், மூவரும் ஒரே மாதிரி ஆடுகிறவர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெஸ்ட்புரூக் ரீபவுண்டைப் பிடித்த நொடியே எதிர்க்கூடையை நோக்கித் தலைதெறிக்க ஓடும் கார்டு (பந்தைக் கொண்டுபோகும் வெளிவட்ட வீரர்). யோகிச் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, யார் கூடைக்கு வெட்டி ஓடுகிறார் என்று பார்த்து பாஸ் கொடுக்கும் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்). இரண்டும் இரு வேறு கூடைப்பந்து.

அந்த வித்தியாசத்தை எண்களில் பிடிக்க முடியுமா? முடியும். அதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன: பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவர அட்டவணை), ஷாட் எடுத்த இடங்கள், ஆட்ட வகைப் பதிவு, கேமரா வழி வரும் டிராக்கிங், பிளஸ்-மைனஸ். கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர், ரசிகராக எழுதுகிறவர், தன் அணிக்கு ஆள் தேடுகிற பயிற்சியாளர் என்று யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி இழுக்க முடியாது. எதை முதலில் எடுப்பது, எதை ஒதுக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாணி என்பது ஒரு வீரர் திரும்பத் திரும்ப எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது. தரம் என்பது அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது. பாணியைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கும்போதுதான். அதனால் ஒவ்வொரு தரவையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இது வீரரின் தேர்வைப் பதிவு செய்கிறதா, அல்லது அதன் விளைவை மட்டும் பதிவு செய்கிறதா?

இதற்குத் தெளிவான உதாரணம் 2017-18 ஹூஸ்டன் ராக்கெட்ஸ். ஒரு சீசனில் இரண்டு புள்ளி ஷாட்களைவிட மூன்று புள்ளி ஷாட்களை அதிகம் எடுத்த முதல் என்பிஏ அணி அதுதான். 65 ஆட்டங்களில் வென்றது. மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிராக, அதே அணி 44 மூன்று புள்ளி ஷாட்களை எடுத்து 7ஐத்தான் போட்டது. நடுவில் தொடர்ச்சியாக 27 தவறின. விளைவை மட்டும் பார்த்தால் அன்று ஆடியது வேறு ஏதோ அணி. தேர்வைப் பார்த்தால் சீசன் முழுக்க ஆடிய அதே அணி, துளிகூட மாறவில்லை. சதவீதம் ஒரே இரவில் கவிழும், தேர்வு அப்படிக் கவிழாது. ஒரு வீரர் எங்கிருந்து எத்தனை முறை எறிகிறார் என்பது சில வாரங்களிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும். எத்தனை உள்ளே போகிறது என்பது நிலைப்படப் பல மாதங்கள் ஆகும்.

பாக்ஸ் ஸ்கோர்: பழசுதான், ஆனால் தூக்கிப் போட வேண்டாம்

பாக்ஸ் ஸ்கோரின் பெரிய பலம் அது எல்லாக் காலத்துக்கும் இருக்கிறது என்பது. ராபர்ட்சனையும் யோகிச்சையும் ஒரே மேசையில் வைக்க வேண்டுமானால் வேறு வழியே கிடையாது. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தட்டிவிடுவது) 1973-74இல்தான் கணக்கில் வந்தன. தனிப்பட்ட வீரரின் டர்ன்ஓவர் 1977-78இல். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல். ராபர்ட்சன் எத்தனை முறை பந்தை இழந்தார் என்று இன்று எந்தக் கணினியும் சொல்லாது.

பாக்ஸ் ஸ்கோரைப் பாணிக்குப் பயன்படுத்துவதானால் ஆட்டத்துக்கு இத்தனை என்ற சராசரியை முதலில் விட்டுவிட வேண்டும். ராபர்ட்சன் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 44 நிமிடங்களுக்கு மேல் ஆடினார். அன்றைய ஆட்டத்தின் வேகமும் மிக அதிகம், ஒரே ஆட்டத்தில் பந்து கை மாறும் எண்ணிக்கை இன்றைக்கு இருப்பதைவிட வெகுவாகக் கூடுதல். ரீபவுண்டும் அசிஸ்டும் குவிய வாய்ப்பே அதிகமாக இருந்த காலம். அதனால் எதையும் பொசஷன் (ஓர் அணியின் கையில் பந்து இருக்கும் ஒரு முறை) அடிப்படையில் மாற்றிக்கொள்ள வேண்டும். அணியின் பொசஷன்களை மதிப்பிட எளிய சூத்திரம் இருக்கிறது: எடுத்த ஷாட்கள், கூட்டல் ஃப்ரீ த்ரோக்களின் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) 0.44 மடங்கு, கழித்தல் தாக்குதல் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே பிடிப்பது), கூட்டல் டர்ன்ஓவர். 0.44 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். வழக்கமாக இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு பொசஷனை முடிக்கும், அப்படிப் பார்த்தால் 0.5 வர வேண்டும். ஆனால் கூடை போட்ட பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும் டெக்னிகல் ஃபவுலுக்கு எறிவதும் தனிப் பொசஷனைத் தின்பதில்லை. அவற்றைக் கழித்தால் இந்த எண்ணுக்கு அருகில் வந்து நிற்கும்.

அப்புறம், எண்ணிக்கைகளைப் பங்குகளாக மாற்றுங்கள். எடுத்த ஷாட்களில் மூன்று புள்ளி எத்தனை சதவீதம், ஷாட்களுக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ, களத்தில் இருக்கும்போது அணியின் பொசஷன்களில் எத்தனை சதவீதத்தை இவரே முடிக்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் யூசேஜ். ஐந்து பேரும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20 சதவீதம். 2016-17 வெஸ்ட்புரூக்குக்கு அது 41.7. அதுவரை யாரும் தொடாத உயரம். 2024-25 யோகிச்சுக்கு சுமார் 30. பாருங்கள், ஒரே மாதிரி தெரிந்த இருவர் முதல் படியிலேயே பிரிந்துவிட்டார்கள்.

புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் அணிகளுக்காக முன்வைத்த நான்கு காரணிகளும் இங்கிருந்தே வருபவை: ஷாட் திறன், டர்ன்ஓவர் விகிதம், தாக்குதல் ரீபவுண்ட் விகிதம், ஃப்ரீ த்ரோ விகிதம். அவை வெற்றியை விளக்கப் பிறந்தவை. என்றாலும் தாக்குதல் ரீபவுண்ட் விகிதத்தில் பாணி நிறைய ஒளிந்திருக்கிறது. ஷாட் தவறினால் இரண்டு பேரை வளையத்துக்கு அனுப்புவதா, எல்லோரும் பின்னால் ஓடி எதிரணியின் வேக ஆட்டத்தைத் தடுப்பதா என்பது பயிற்சியாளர் எடுக்கும் முடிவு.

ஷாட் எடுத்த இடங்கள்: நான் முதலில் எடுக்கச் சொல்வது இதைத்தான்

1996-97 சீசனிலிருந்து என்பிஏவில் ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது கிடைக்கிறது. இலவசம், ஏராளம், படித்துப் புரிந்துகொள்வதும் சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக இது கிட்டத்தட்ட முழுக்கத் தேர்வின் பதிவு.

மூன்று புள்ளிக் கோடு வளைவில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. அந்த ஒன்றே முக்கால் அடியைச் சுற்றி எத்தனையோ வீரர்களின் பிழைப்பே ஓடுகிறது. சான் அன்டோனியோவின் புரூஸ் போவன், பிற்காலத்தில் பி. ஜே. டக்கர் போன்றவர்கள் தாக்குதலில் செய்ததெல்லாம் பெரும்பாலும் மூலையில் போய் நின்றதுதான். நின்றால் எதிரணியில் ஒருவர் அங்கேயே கட்டுண்டு கிடப்பார், நடுவில் இடம் திறக்கும். பாக்ஸ் ஸ்கோரில் டக்கரின் புள்ளிகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷாட் வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு மூலைகளிலும் இரண்டு திட்டுகள், நடுவில் வெறிச்சோடிய தரை. ஒரே பார்வையில் ஆள் யார் என்று புரிந்துவிடும். அதற்கு நேர் எதிர் டிமார் டிரோசன். உலகமே மூன்று புள்ளிக்கு ஓடிய காலத்தில் நடுத்தூர ஷாட்டை விடாமல் பிடித்துக்கொண்டவர்.

இந்த வரைபடங்களைக் கணக்காக மாற்ற இரண்டு வழி. எளிய வழி, களத்தை ஆறேழு மண்டலங்களாகப் பிரித்துப் பங்கு எடுப்பது. எக்செல் போதும். கொஞ்சம் மேலே போக வேண்டுமானால் 2014இல் மில்லர், போர்ன், ஆடம்ஸ், கோல்ட்ஸ்பெர்ரி ஆகியோர் காட்டிய வழி இருக்கிறது. ஒவ்வொரு வீரரின் வரைபடத்தையும் சில அடிப்படை வடிவங்களின் கூட்டாக உடைப்பது. ஒரு வடிவம் வளையத்தடி, ஒன்று மூலைகள், ஒன்று வளைவின் உச்சி, ஒன்று நடுத்தூரம், இப்படி. எதிர்மறை எண்களே வராதபடி அமைக்கும் மேட்ரிக்ஸ் பகுப்பு முறை இது. அந்தக் கட்டுப்பாடுதான் இதன் அழகு. பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) போட்டால் 'இதில் இவ்வளவு, அதில் மைனஸ் இவ்வளவு' என்று வரும். மைனஸ் மூலை ஷாட் என்றால் என்ன என்று யாருக்கும் விளங்காது. இங்கே எல்லாமே கூட்டல் என்பதால் கிடைக்கும் வடிவங்கள் பயிற்சியாளர் வாயில் வருகிற சொற்களோடு ஒத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை. 1979-80இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்றுக்கும் குறைவான மூன்று புள்ளி ஷாட்களே எடுத்தது. 2024-25இல் அது 37ஐத் தாண்டிவிட்டது. ஷாட்களில் 40 சதவீதம் மூன்று புள்ளி என்றால் 2000 வாக்கில் அவர் தனி நிபுணர், இன்று சாதாரண ஆள். எனவே வேறு வேறு சீசன்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு பங்கிலிருந்தும் அந்த சீசனின் லீக் சராசரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1994-95 முதல் 1996-97 வரை கோடு எல்லாப் பக்கமும் 22 அடிக்கு இழுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஷாட் இடங்கள் கிடைக்கத் தொடங்கும் முதல் சீசனே அப்படிப்பட்ட ஒன்று.

இதன் குறை என்ன? எங்கே என்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. ஜேம்ஸ் ஹார்டன் 2018-19இல் 1,028 மூன்று புள்ளி ஷாட்கள் எடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை தானே டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டி), எதிராளியை ஏமாற்றி, ஓரடி பின்னால் குதித்து எறிந்தவை. அவருடைய காலத்திலேயே ஆடிய கிளே தாம்சனின் மூன்று புள்ளிகள் அநேகமாக எல்லாம் சக வீரர் கொடுத்த பாஸைப் பிடித்த கையோடு எறிந்தவை. வரைபடத்தில் இருவருக்கும் அதே வளைவில் அதே அடர்த்தியான வண்ணம். இதற்கு ஒரு மலிவான மருந்து இருக்கிறது. போட்ட கூடைகளில் எத்தனை சதவீதம் அசிஸ்டோடு வந்தவை என்ற ஒரே ஒரு பத்தியை அட்டவணையில் சேர்த்தால் போதும், இருவரும் பிரிந்துவிடுவார்கள். மண்டலப் பங்குகளோடு இந்த ஒன்று, யூசேஜ் ஒன்று என்று ஒரு பத்துப் பத்திகள் சேர்ந்தால் தாக்குதல் பாணியில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். விலைக்கும் உழைப்புக்கும் இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்ட வகைப் பதிவு

சினர்ஜி என்ற நிறுவனத்தின் ஆட்கள் காணொளியைப் பார்த்து ஒவ்வொரு பொசஷனுக்கும் ஒரு வகை குறிக்கிறார்கள். ஐசொலேஷன் (ஒற்றைக்கு ஒற்றை ஆடுவது), பிக் அண்ட் ரோலில் (சக வீரர் ஸ்கிரீன் வைத்து, அதாவது தடுப்பாளரை உடம்பால் மறித்துவிட்டு, வளையத்துக்கு ஓடுவது) பந்து வைத்திருப்பவர், ரோல் ஆகிப் போகிறவர், போஸ்ட் அப் (வளையத்துக்கு முதுகு காட்டி ஆடுவது), ஸ்பாட் அப் (நின்ற இடத்தில் பாஸ் வாங்கி எறிவது), ஹேண்ட் ஆஃப் (கையோடு கை பந்தை மாற்றுவது), வெட்டி ஓடுவது, ஸ்கிரீனைச் சுற்றி வருவது, வேக ஆட்டம், தவறிய ஷாட்டைத் திரும்பப் போடுவது, இவற்றில் அடங்காதவை என்று மொத்தம் 11. இவற்றின் சுருக்கம் 2015-16இலிருந்து என்பிஏ தளத்திலேயே கிடைக்கிறது.

பாணியைப் பேசும்போது பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் மொழிக்கு மிக நெருக்கமானது இதுதான். ஷாட் வரைபடம் சொல்லாத 'எப்படி' இங்கே நேரடியாக இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் 'பொசஷனுக்கு எத்தனை புள்ளி' என்று பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும். கண் உடனே அங்கேதான் போகும். பாணிக்கு அது வேண்டாம், எத்தனை சதவீத முறை என்ற பத்தியை மட்டும் எடுங்கள்.

இரண்டு இடத்தில் இது கைவிடும். ஒன்று, பொசஷனை முடித்தவர் கணக்கில்தான் எல்லாம் ஏறும். சென்டர் ரூடி கோபேர் வைத்த ஸ்கிரீனால்தான் கார்டுக்கு வழி திறந்தது என்றாலும், ஷாட் எடுத்த கார்டின் பெயரில்தான் பதிவு. ஸ்டெஃபன் கரி பந்தே இல்லாமல் ஓடி இரண்டு தடுப்பாளர்களை இழுத்துப் போக, அந்தப் பக்கம் சக வீரர் சும்மா லேஅப் (வளையத்தடியில் போடும் எளிய கூடை) போட்டால், கரியின் வரிசையில் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. இரண்டு, ஒரே பொசஷனில் ஹேண்ட் ஆஃப், பிக் அண்ட் ரோல், கடைசியில் ஐசொலேஷன் என்று மூன்று நடந்தாலும் ஒரே முத்திரைதான் விழும்.

டிராக்கிங்: ஆழம் அதிகம், கரை தூரம்

2013-14 சீசனில் என்பிஏ எல்லா அரங்கங்களிலும் ஸ்போர்ட்வியூ கேமராக்களைப் பொருத்தியது. கூரையில் ஆறு கேமரா, நொடிக்கு 25 முறை பதிவு. பத்து வீரர்களுக்கும் தரையில் எங்கே என்று இரண்டிரண்டு எண்கள், பந்துக்கு உயரத்தோடு சேர்த்து மூன்று. 48 நிமிட ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 72,000 படங்கள், ஒவ்வொன்றிலும் 23 எண்கள், மொத்தம் பதினாறரை லட்சத்துக்கு மேல். 2017-18இல் செகண்ட் ஸ்பெக்ட்ரம் வந்தது, 2023-24இல் ஹாக்-ஐ. இப்போது உடலின் மூட்டுகளின் அசைவே பதிவாகிறது.

இது என்ன காட்டும் என்பதற்கு ஓர் இரவு போதும். 2016 டிசம்பர் 5, இந்தியானாவுக்கு எதிராகக் கிளே தாம்சன் 29 நிமிடங்களில் 60 புள்ளி எடுத்தார். 33 ஷாட்களில் 21, அதில் மூன்று புள்ளி 8, ஃப்ரீ த்ரோ 10. பாக்ஸ் ஸ்கோர் இதோடு நின்றுவிடும். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது வெறும் 11 முறை, பந்து அவர் கையில் இருந்தது சுமார் ஒன்றரை நிமிடம் என்று சொன்னது டிராக்கிங். 60 புள்ளி, 11 டிரிபிள்! இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவரைப் பற்றி வேறு விளக்கமே தேவைப்படாது. வரைபடத்தில் ஹார்டனோடு குழம்பிப் போனவர் இங்கே மறுதுருவத்தில் நிற்கிறார்.

யோகிச் கணக்கும் இங்கேதான் தெளிவாகிறது. ஆட்டத்துக்குச் சுமார் நூறு முறை பந்து அவர் கைக்கு வருகிறது, லீக்கிலேயே மிக அதிகமானவர்கள் வரிசையில் இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் அது அவரிடம் தங்கும் நேரம், அதே அளவுக்குப் பந்தைத் தொடும் கார்டுகளைவிடக் குறைவு. ரீபவுண்டுக்கும் இதே கதை. யாரும் போட்டியிடாமல் எடுத்தது, முட்டி மோதி எடுத்தது என்று டிராக்கிங் பிரித்துத் தரும். 2016-17 ஒக்லஹோமா சிட்டியில் ஸ்டீவன் ஆடம்ஸ் போன்ற பெரிய வீரர்கள் எதிராளியை முதுகால் ஒதுக்கி வைக்க, வெஸ்ட்புரூக் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடுவார். அது அணியே சேர்ந்து வகுத்த பாணி. 10.7 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

சிக்கல், மூலத் தரவு கையில் கிடைக்காது. 2015-16இன் தொடக்க மாதங்களின் ஆயத்தொலைவுகள் பொதுவெளியில் இருந்தன, 2016 தொடக்கத்தில் அந்த வழி மூடப்பட்டது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல இன்றும் அந்தப் பாதி சீசனையே சுற்றி வருவதற்கு அதுதான் காரணம். கிடைத்தாலும் வேலை லேசல்ல. யார் யாருக்கு ஸ்கிரீன் வைத்தார் என்பதைப் புள்ளிகளின் நகர்விலிருந்து கண்டுபிடிப்பதே பெரிய பாடு. ஸ்கிரீன் வைப்பதுபோல் வந்துவிட்டுத் தொடாமல் நழுவி ஓடுகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனவே தனி ஆளாக வேலை செய்கிறவருக்கு என் பரிந்துரை, மூலத் தரவை மறந்துவிட்டு என்பிஏ வெளியிடும் சுருக்கங்களை மட்டும் எடுங்கள். ஒரு முறை தொட்டால் எத்தனை நொடி, எத்தனை டிரிபிள், ஆட்டத்துக்கு எத்தனை டிரைவ் (பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்வது), பிடித்ததும் எறிவது எத்தனை, தானே உருவாக்கி எறிவது எத்தனை. இந்த ஐந்தை ஷாட் மண்டலங்களோடு சேர்த்துவிட்டால் ஆட்ட வகைப் பதிவு இல்லாமலேகூட சமாளித்துவிடலாம்.

பிளஸ்-மைனஸ் வேறு கேள்விக்கான பதில்

ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னேறுகிறது என்பதைச் சக வீரர்களுக்கும் எதிராளிகளுக்கும் ஏற்பச் சரிசெய்து கணக்கிடுவது மிகவும் மதிப்புள்ள வேலை. ஷேன் பாட்டியே போன்றவர்களின் மதிப்பு வெளியே தெரிந்தது இந்த வகைக் கணக்கால்தான். பாக்ஸ் ஸ்கோரில் ஒன்றுமில்லை, ஆனால் அவர் இருந்தால் அணி நன்றாக ஆடும். ஆனால் அது முழுக்க முழுக்க விளைவு. ஒரே மதிப்பெண் வாங்கிய இருவர் நேர் எதிர்ப் பாணியில் ஆடலாம். பாணியைப் பிரிக்கும் அட்டவணையில் இந்தப் பத்தியைச் சேர்த்தால் நல்லவர்கள் ஒரு பக்கம், சுமாரானவர்கள் ஒரு பக்கம் என்று பிரியும். நீங்கள் கேட்டது அதையல்ல.

இதே முறையைப் புள்ளிகளை விட்டுவிட்டு எதிரணியின் ஷாட் இடங்களுக்குப் பயன்படுத்தலாம். கோபேர் களத்தில் இருக்கும்போது எதிரணி வளையத்தடியில் ஷாட் எடுக்கவே தயங்குகிறது. அவர் பிளாக் செய்தவை மட்டுமே பதிவாகும், எடுக்கப்படாமல் போன ஷாட்கள் எந்தப் பத்தியிலும் வராது. எதிரணியின் வளையத்தடிப் பங்கு அவர் இருக்கும்போது எவ்வளவு, வெளியே உட்காரும்போது எவ்வளவு என்று பார்த்தால் அது தெரியும். தடுப்பாட்டப் பாணிக்கு நம்மிடம் இருக்கும் நல்ல கருவிகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

தரவு கிடைத்தாயிற்று, எப்படிப் பிரிப்பது?

2012இல் விளையாட்டுத் தரவு ஆய்வுக்கான எம்ஐடி ஸ்லோன் மாநாட்டில் முத்து அழகப்பன் என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒரு வேலையைக் காட்டினார். 2010-11 சீசனின் 452 வீரர்களை எடுத்து, நிமிடத்துக்கு இத்தனை என்று ஏழு பாக்ஸ் ஸ்கோர் எண்களை வைத்து, டோபாலஜி வழிப் பகுப்பாய்வால் வரைபடமாக்கினார். கூடைப்பந்தில் ஐந்து நிலை இல்லை, பதின்மூன்று நிலை இருக்கிறது என்பது அவர் முடிவு. அது கிளப்பிய விவாதம் நியாயமானது, பாயிண்ட் கார்டு, சென்டர் என்ற பழைய பெயர்கள் போதாது என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

ஆனால் அந்தப் பதின்மூன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மூன்று புள்ளி எறியும் ரீபவுண்டர், வளையத்தைக் காப்பவர் போன்றவை பாணிகள். அவற்றோடு 'என்பிஏ முதல் அணி', 'என்பிஏ இரண்டாம் அணி' என்றும் குழுக்கள் வந்தன. அவை தரம். நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண் உள்ளே போனால் சிறந்தவர்கள் தனியே திரண்டு நிற்பது இயல்புதான். எந்தக் குழுவிலும் ஒட்டாமல் நின்ற டெரிக் ரோஸும் டுவைட் ஹோவர்டும் 'தனி ரகம்' என்று ஒன்றாகப் போனார்கள். ஒருவர் கார்டு, ஒருவர் சென்டர். எதைக் கணக்கில் கொடுக்கிறோமோ அதுதான் குழுவாகத் திரும்பி வரும்.

பலரும் முதலில் கைவைப்பது கே-மீன்ஸ் என்ற குழுப் பிரிப்பு முறையில். சுலபம், வேகம். எத்தனை குழு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தொடக்கப் புள்ளிகள் மாறினால் விளிம்பில் இருப்பவர்கள் இடம் மாறுவார்கள். அதைவிட அடிப்படையான குறை, வீரர்களின் பாணிகளுக்கு நடுவே வேலி கிடையாது. பல பாணிகளும் கலந்த டிரேமண்ட் கிரீனை ஏதாவது ஒரு பெட்டியில் அடைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பெட்டியும் பொய்தான் சொல்லும். பெட்டியாகப் பிரித்தே தீர வேண்டுமானால் ஒவ்வொரு பத்தியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்து, 500 நிமிடங்களாவது ஆடாதவர்களை நீக்கிவிட்டு, பலமுறை ஓட்டிப் பார்த்து, எப்போதும் சேர்ந்தே வருகிறவர்களை மட்டும் நம்புங்கள்.

காஸியன் கலவை முறை ஒவ்வொரு குழுவுக்கும் நிகழ்தகவு தரும் என்பதால் சிலர் அதைச் சிபாரிசு செய்வார்கள். இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. அது 60, 40 என்று சொன்னால், இவர் இந்தக் குழுவா அந்தக் குழுவா என்பதில் கணக்குக்கு அவ்வளவு நிச்சயம் என்று அர்த்தம். இவர் 60 சதவீதம் இப்படியும் 40 சதவீதம் அப்படியும் ஆடுகிறார் என்று அர்த்தமே இல்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதைத் தருவது முன்பு சொன்ன எதிர்மறையற்ற மேட்ரிக்ஸ் பகுப்பும், 1994இல் கட்லரும் பிரைமனும் முன்வைத்த ஆர்க்கிடைப் பகுப்பும்தான். பின்னது சராசரிகளைத் தேடாமல் உச்சங்களைத் தேடும். மூலையில் மட்டும் நிற்கிறவர், வளையத்தடியில் மட்டும் விளையாடுகிறவர், பந்தை விடாமல் வைத்திருப்பவர் என்று சில முனைகள் கிடைக்கும். மற்ற எல்லோரும் அவற்றின் கலவை. பாணியை ஓரளவு நேர்மையாகச் சொல்லும் முறை இதுதான் என்பது என் எண்ணம்.

சில நேரங்களில் குழுவே தேவையில்லை. அணியை விட்டுப் போகும் ஒருவருக்குப் பதிலாக அவரைப் போலவே ஆடும் ஆள் வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி என்றால், தூரத்தைக் கணக்கிட்டு அருகில் இருக்கும் பத்துப் பேரை எடுத்தால் முடிந்தது. பயிற்சியாளருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

யாருக்கு எது

காலங்களைத் தாண்டி ஒப்பிடுகிறவர் பாக்ஸ் ஸ்கோர் பங்குகளோடு, லீக் சராசரியைக் கழித்து, அடக்கமான முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஓரிரு வார அவகாசமுள்ள மாணவர் ஷாட் மண்டலங்கள், அசிஸ்ட் பங்கு, யூசேஜ் இவற்றை எடுத்து ஆர்க்கிடைப் பகுப்புப் போடலாம். எதிரணியை எதிர்கொள்ளத் தயாராகிறவருக்கு ஆட்ட வகைப் பதிவுதான் முதலில், ஏனென்றால் அதை அப்படியே வீரர்களிடம் சொல்ல முடியும். டிராக்கிங் சுருக்கங்கள் எல்லோருக்கும் இரண்டாம் படி. மூல ஆயத்தொலைவுகள் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மட்டும்.

எதை எடுத்தாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். கணக்கு 'இவர்கள் இருவரும் ஒன்று' என்று சொல்லும் ஒரு ஜோடியையும், 'இவர்கள் முற்றிலும் வேறு' என்று சொல்லும் ஒரு ஜோடியையும் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு இருபது பொசஷன் காணொளியில் பாருங்கள். பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அந்த வீரரின் கால்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று என்று சொல்லப்பட்ட இருவரில் ஒருவர் பந்து இல்லாதபோது ஓடிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் நிற்கிறார் என்றால், உங்கள் அட்டவணையில் அசைவைச் சொல்லும் பத்தி ஒன்று குறைகிறது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.